படுவான்கரைக் கிறவலிலிருந்து அட்லஸ் மலைக் கிறவலுக்கு

தார் போடாத கிறவல் வீதியில் சைக்கிள் ஓடுவதற்காகக் காசு கட்டி மொரோக்கோ வரை போனேன் என்று சொன்னால் மட்டக்களப்பில் சிரிக்காதவர் இல்லை. வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் இறங்கினால், தங்கள் ஊர்க் கிறவல் வீதிக்குக் காபட் எப்போது விழும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அப்படியிருக்க, நல்ல வீதி இருக்கும் நாட்டில் வேண்டுமென்றே கெட்ட வீதியைத் தேடி ஓடுவதை விளக்குவது எளிதல்ல. "இஞ்ச இல்லாத கிறவலா மனே அங்க கிடக்கு?" என்று அம்மா கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அட்லஸ் மலைத்தொடரைக் கடந்து பாலைவனப் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கிய அந்தப் பயணத்தைப் பற்றி, இங்கிருந்து போகக்கூடியவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

இத்தகைய வீதிகளுக்கென்றே ஒரு வகைச் சைக்கிள் இருக்கிறது. ஹாண்டில் பந்தயச் சைக்கிளுக்கு உள்ளதுபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் ரயர் 40 முதல் 50 மில்லிமீற்றர் வரை அகலமானது. பெரும்பாலும் உள்ளே ரியூப் இராது. முள் குத்தினால் துளையைத் தானாகவே அடைத்துவிடும் வெள்ளைத் திரவம் ஒன்றை ஊற்றியிருப்பார்கள். அந்தச் சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோகும் வசதி எங்களுக்கு இல்லாததால் பயண ஏற்பாட்டாளரிடமே வாடகைக்கு எடுத்தோம். எங்களுக்கு என்றால், எனக்கும் காத்தான்குடியைச் சேர்ந்த என் நண்பருக்கும். பயிற்சி முழுவதும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில்தான் நடந்தது. அதிகாலையில் புறப்பட்டால் யானை, பொழுது சாய்ந்தாலும் யானை என்பதால், வெயில் ஏறிய பிறகு உன்னிச்சைக் குளம் வரை போய் மதியத்துக்குள் திரும்புவோம். ஏற்றம் என்று சொல்ல நம் பக்கத்தில் எதுவும் இல்லை. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கு நோக்கி வயல்வெளி நடுவே சைக்கிள் மிதித்தவருக்கு மலை ஏறப் பழகத் தனியாக இடம் தேட வேண்டியதில்லை என்பது என் நண்பரின் வாதம். அது பாதி உண்மை என்று பின்னர் அட்லஸில் தெரிந்துகொண்டோம்.

மராகேஷ் நகரத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் கடந்து போகிறேன். அங்கிருந்து உயர் அட்லஸைத் தாண்டும் பிரதான வீதி, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அமைக்கப்பட்டு, 2,260 மீற்றர் உயரத்தில் உள்ள திஸி-ந்-திஷ்கா கணவாயைக் கடக்கிறது. நுவரெலியாவை விட உயரமான இடம். லொறிகளும் பஸ்களும் நெருக்கியடிக்கும் அந்த வீதியில் சைக்கிளை ஏற்றாமல், கணவாய் வரை வாகனத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். 2023 செப்டெம்பர் 8 இரவு 6.8 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் இந்த மலைகளில்தான், மராகேஷுக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்றது. 2004 மார்கழி ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தற்காலிகக் கூடாரம் எப்படி இருக்கும், அதில் இரண்டாம் வருடமும் இருப்பது எப்படி இருக்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் வழிகாட்டி அதைப் பற்றிக் கேட்டால் மட்டுமே பேசினார். நாங்களும் அதிகம் கேட்கவில்லை.

கணவாயிலிருந்து கிழக்கே பிரிந்தால் தெலுவெட். ஒரு காலத்தில் ஒட்டக வணிகர்களின் பாதை இதன் வழியாகவே போனது. அருகில் உப்புச் சுரங்கங்களும் உண்டு. மராகேஷின் பாஷாவாக (ஆளுநராக) இருந்து பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து தென்பகுதியை ஆண்ட தாமி எல் கிளாவியின் குடும்பக் கோட்டை இங்கே நிற்கிறது. நாடு சுதந்திரம் பெற்ற 1956ஆம் ஆண்டிலேயே அவர் இறந்தார். குடும்பத்தின் சொத்துகள் பறிபோயின. புதிய வீதி வேறு வழியாகப் போனதால் ஊரும் ஓரங்கட்டப்பட்டது. வெளியே மண்சுவர் இடிந்து சரிந்துகொண்டிருக்க, உள்ளே ஓரிரு மண்டபங்களில் மட்டும் ஓட்டு வேலைப்பாடும் தேவதாரு மரக் கூரையும் பளபளக்கின்றன. மண்வீட்டை ஆள் இருந்து ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பூசிக்கொண்டிருந்தால்தான் அது வீடு என்று வழிகாட்டி சொன்னார்.

தெலுவெட்டிலிருந்து ஐத் பென்ஹத்து வரை இறங்கும் உனிலாப் பள்ளத்தாக்குதான் இந்தப் பயணத்தில் என்னை மிகவும் கட்டிப்போட்ட பகுதி. பள்ளத்தாக்கு நெடுகத் தார் வீதி வந்துவிட்டது; ஆயினும் எங்கள் வழிகாட்டி அதை விட்டு ஆற்றின் மறுகரையில், கழுதைகளும் ஆடுகளும் நடக்கும் பாதைகளில் எங்களைக் கொண்டுபோனார். இருபுறமும் புல்பூண்டு இல்லாத செம்மலை. நடுவே ஆற்றோரமாக மட்டும் ஒரு பச்சைக் கீற்று. வீடுகள் அந்தப் பச்சைக்குள் ஒன்றுகூட இல்லை. பலகைகளுக்கு நடுவே ஈரமண்ணைக் கொட்டி இடித்துக் கட்டிய அவ்வீடுகள் எல்லாம் சரிவில் ஏறி நிற்கின்றன. ஏனென்றால் தண்ணீர் பாயும் நிலத்தில் ஒரு முழம்கூட வீட்டுக்குக் கொடுக்க அவர்களுக்குக் கட்டுபடியாகாது. வயலை நிரப்பி வீட்டுக்காணி ஆக்கும் நம் ஊர் வழக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

ஓரிடத்தில் பாதை ஒரு வாய்க்காலோடு ஒட்டிப் போனது. ஒரு முதியவர் மண்வெட்டியோடு குந்தியிருந்தார். அவர் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்: வாய்க்காலின் ஓரத்தில் ஒரு வெட்டு, அதை அடைக்கப் புல்லோடு சேர்த்துப் பெயர்த்த ஈரமண் கட்டி ஒன்றும் தட்டையான கல் ஒன்றும். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கல்லை எடுத்தார், மண்கட்டியைக் காலால் உதைத்துப் பக்கத்து வெட்டுக்குள் தள்ளி, குதிகாலால் இரண்டு தடவை மிதித்தார். தண்ணீர் அடுத்தவரின் பார்லி வயலுக்குள் திரும்பியது. எந்தக் குடும்பத்துக்கு எந்த நேரம், எவ்வளவு நேரம் என்பது முன்னோர் காலத்திலிருந்து வருகிறது என்றும், தகராறு வந்தால் ஊர் கூடி ஒருவரிடம் பொறுப்புக் கொடுக்கும் என்றும் வழிகாட்டி விளக்கினார். இதைக் கேட்டதும் நான் என் நண்பரைப் பார்த்து, "மச்சான், வட்டவிதானை இங்கயும் இருக்கார்" என்றேன். நம் ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர் அவர்தான். எங்களோடு வந்த ஐரோப்பியர்கள் கோட்டையைப் படம் எடுப்பதற்குள் நாங்கள் இருவரும் அந்த முதியவரிடம், வழிகாட்டியை இடையில் வைத்துக்கொண்டு, கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா, மேல்மடைக்காரர் திருடுவதுண்டா என்றெல்லாம் கேட்டு முடித்திருந்தோம். திருடுவதுண்டாம்.

அவர் வீட்டில் தேநீர் கிடைத்தது. சிலோன் தேயிலை நாட்டிலிருந்து போன எங்களுக்கு, சீனாவிலிருந்து வரும் பச்சைத் தேயிலையில் புதினாவும் கட்டி கட்டியாகச் சீனியும் போட்டு, முதல் கிளாசை மறுபடி கேத்தலுக்குள்ளேயே ஊற்றி, பிறகு ஒரு முழ உயரத்திலிருந்து நுரை பொங்க வார்த்துத் தந்தார்கள். இனிப்பு நாக்கை ஒட்டியது. வெயிலில் ஓடிய பிறகு உடம்புக்கு வேண்டியதும் அதுதான். என் நண்பருக்குத் தொழ இடம் தேட வேண்டிய தேவையே இல்லாத முதல் வெளிநாட்டுப் பயணம் இது. ஒவ்வோர் ஊரிலும் பள்ளிவாசல் இருந்தது. அந்நாட்டில் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதோர் நுழைவதில்லை என்பதால் நான் வெளியே இரண்டு சைக்கிளுக்கும் காவல் இருப்பேன்; அதனால் சிறுவர்கள் எல்லோரும் எனக்கே சிநேகிதம் ஆனார்கள்.

ஐத் பென்ஹத்து 1987ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கும் மண்கோட்டை ஊர். அழகான இடம்தான், ஆனால் பெரும்பாலானோர் ஆற்றுக்கு இக்கரையில் புதிய ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், உனிலாவில் உயிரோடு பார்த்ததை இங்கே கண்காட்சியாகப் பார்த்ததுபோல் இருந்தது. அடுத்து வந்த வார்சசாத் நகரைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்று: நகருக்கு வெளியே நூர் சூரிய மின்நிலையத்தின் கோபுரம், சுமார் 250 மீற்றர் உயரத்தில், உச்சியில் குவிந்த ஒளியோடு நிற்கிறது. சமவெளியில் மணிக்கணக்காக மிதித்தாலும் அது பின்னால் வந்துகொண்டே இருக்கும். தாதெஸ் பள்ளத்தாக்கில் ரோஜா வேலிகளைக் கடந்தோம். பூக்கும் காலம் ஏப்ரல் கடைசியும் மே மாதமும் என்பதால் நாங்கள் கண்டது முள்ளை மட்டுமே.

தாதெஸுக்குத் தெற்கே கிடப்பது சாக்ரோ மலை. உயர் அட்லஸுக்கும் பாலைவனத்துக்கும் நடுவே, கறுத்த எரிமலைப் பாறையாலான வறண்ட தொடர் அது; அதன் உச்சி 2,712 மீற்றர். குறுக்கே போகும் கிறவல் பாதை சுமார் 2,200 மீற்றர் உயரத்தில் ஒரு கணவாயைத் தாண்டுகிறது. அன்று காலை வழிகாட்டி ஒவ்வொரு சைக்கிளாக வந்து ரயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, 'புஸ்' என்று காற்றை இறக்கினார். எனக்கு அது பிடிக்கவில்லை. நம் ஊரில் ரயரைக் கல்லாக இறுக்கி அடித்தால்தான் சைக்கிள் ஓடும் என்பது நம்பிக்கை. ஆனால் கிறவலில் இறுகிய ரயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். துள்ளும் நேரத்தில் நீங்கள் மிதிப்பது வீண். மெத்தென்ற ரயர் கல்லை விழுங்கிக்கொண்டு நிலத்தைப் பிடித்திருக்கும். மணிக்கட்டு வலி அன்றே பாதியாகக் குறைந்தது. பாதைக்குக் குறுக்காக அலை அலையாக விழுந்திருக்கும் வரிகளைப் பற்றியும் அவர்தான் சொன்னார்: வேகமாகப் போகும் வாகனத்தின் சக்கரம் ஒரு சிறு மேட்டில் துள்ளி விழுந்து அடுத்த பள்ளத்தைத் தோண்ட, அந்தப் பள்ளம் அடுத்த மேட்டை உண்டாக்க, வரிகள் இப்படியே தொடர்ந்து போகின்றன. அதனால் சைக்கிள்காரர் வாகனச் சக்கரம் படாத ஓரத்து அரையடியைத் தேடி ஓட வேண்டும். வெல்லாவெளிப் பக்கம் உழவு இயந்திரங்கள் போட்டுவைத்த வரிகளில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியவன் நான். அதற்கான காரணத்தைச் சாக்ரோவில் வந்துதான் கேட்டேன்.

ஏற்றம் கடுமையாக இருந்தது. ஓரத்தில் தூசு, நடுவில் உருளும் கல், வளைவுகளில் கால் பதிக்க இடமில்லாத சரிவு. எனக்குத் தந்த சைக்கிளின் கியர் இந்த மலைக்குப் போதுமான அளவு தாழ்ந்ததாக இல்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தும் ஏற்பாட்டாளர் அதைக் கவனிக்கவில்லை என்பது என் மனத்தாங்கல். கணவாய்க்கு அருகே, மேய்ச்சலுக்காக ஆடு ஒட்டகங்களோடு இடம்மாறும் ஐத் அத்தா குடும்பங்களின் கறுப்புக் கம்பளிக் கூடாரங்கள் தெரிந்தன. 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த மலையின் பூகாஃபெர் என்ற இடத்தில், விமானங்களும் பீரங்கிகளும் கொண்ட பிரெஞ்சுப் படைக்கு எதிராக இந்த மக்கள் பெண்களும் பிள்ளைகளுமாக வாரக்கணக்கில் தாக்குப்பிடித்து, தண்ணீர் இன்றிப் போனபின்பே இணக்கத்துக்கு வந்தார்கள். குடும்பிமலைப் பக்கத்துப் போர்க் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தப் பாறைகளைச் சும்மா காட்சியாகப் பார்க்க முடியாது. அவர்களுடைய அமாசிக் (பெர்பர்) மொழி 2011 அரசியலமைப்பின் மூலமே அரபுடன் சேர்ந்து அரச மொழியானது. வழிப்பலகைகளில் மூன்று வகை எழுத்துகளைக் கண்டபோது என் நண்பர் இலங்கை ஞாபகம் வருகிறது என்றார். பலகையில் இருந்தால் போதுமா என்ற எங்கள் பழைய விவாதம் ஒரு கிலோமீற்றருக்கு ஓடியது.

மறுபக்கம் நெகோப் ஊருக்கு இறங்கி, த்ரா பள்ளத்தாக்கை அடைந்தோம். இங்கே பேரீச்சை மரங்கள் மேலடுக்கு; அவற்றின் நிழலில் மாதுளையும் அத்தியும்; அதற்கும் கீழே பார்லி, மாட்டுப்புல், மரக்கறி. ஒரே தண்ணீர் மூன்று விளைச்சலைத் தருகிறது. 1972இல் வார்சசாத்துக்குக் கீழே கட்டப்பட்ட அணையிலிருந்து காலத்துக்குக் காலம் திறந்துவிடும் நீரை நம்பியே இந்தச் சோலைகள் இருக்கின்றன. அண்மைய வருடங்களின் தொடர் வறட்சியில் நீர் வருவது அரிதாகிவிட்டது. வேர்வழியே பரவும் பூஞ்சண நோயும் சேர்ந்து பல இடங்களில் தலையற்ற மரங்களை விட்டுவைத்திருக்கிறது. அதே பிரதேசத்தில்தான் 2024 செப்டெம்பரில் பெருவெள்ளம் வந்து, பல பத்தாண்டுகளாக வறண்டு கிடந்த இரிக்கி ஏரி நிரம்பியது. காய்ந்த ஆற்றுப்படுகையைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் வழிகாட்டி வடக்கே மலைப்பக்கம் வானத்தைப் பார்ப்பார். நம் தலைக்கு மேல் வெயில் எரியும்போதே மலையில் பெய்த மழை படுகையில் சுவராக வந்துவிடும் என்றார்.

வழிகாட்டியோடு போவது அவசியமா, கைத்தொலைபேசியில் பாதை இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். பாதையைக் காட்டத் தொலைபேசி போதும். எந்தப் படுகையில் போன மாதம் பாதை அடித்துப்போனது, எந்த வீட்டில் கதவைத் தட்டலாம், எந்தக் கிணறு உப்பு என்பவை அதில் இல்லை. பொதியையும் சமையல்காரரையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் வாகனம் ஒரு வசதி மட்டுமே. அதன் தூசியை நாமே தின்ன வேண்டியிருப்பதால் அதை முன்னால் போகவிடாமல் இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் உள்ளூர் வழிகாட்டிக்கும் சாரதிக்கும் போவது எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்பதும் தவறல்ல.

போக விரும்புவோருக்கு மார்ச் முதல் மே வரையும், செப்டெம்பர் கடைசி முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலம். கோடையில் தெற்குப் பள்ளத்தாக்குகள் நம் சித்திரை வெயிலையும் மிஞ்சும். மாரியில் கணவாய்களில் பனி விழும். வசந்தத்தில் போனாலும் மலையில் இரவு குளிரும் என்பதால் கம்பளி உடை தேவை. ரமழானில் வழிகாட்டியும் சமையல்காரரும் நோன்போடு உங்களுக்காக வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தை விடப் பிரெஞ்சு அதிகம் உதவும். சோறு இல்லாமல் இருக்க முடியாதவர்கள் ரொட்டிக்கும் தஜின் குழம்புக்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைப் பெட்டியில் வைத்த என் நண்பர் முழுக் குழுவிலும் பிரபலமானார்.