பையைத் திறக்கிற விஷயம்: செவ்வரத்தை ஒட்டு, மூன்றாவது சுற்று

நேற்றுக் காலை ஆறே முக்காலுக்குத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், நான் ஒட்டுப் போட்ட செவ்வரத்தை (செம்பருத்தி என்றும் சொல்வார்கள்) பூத்திருக்கிறது. ஒரு சாணுக்கு ஒரு விரல் குறையும். ஓரம் மஞ்சள், உள்ளே போகப் போகப் புகை படிந்த மாதிரி ஊதா, நடுவில் கருஞ்சிவப்புக் கண். விற்றவர் கைபேசியில் காட்டிய படத்தில் இவ்வளவு ஊதா கிடையாது. குளிரில் இந்தக் கலப்பினங்களுக்கு ஊதா ஏறும். பண்டாரவளை இராக்குளிருக்கு அது நன்றாகவே ஏறியிருக்கிறது. பல் துலக்காமல் அரை மணித்தியாலம் அங்கேயே நின்றேன். மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து தாங்கியின் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

இதற்குப் பின்னால் ஒரு வருடம் இருக்கிறது. போன மார்ச்சில் கண்டிப் பக்கம் போய் வரும்போது வீதியோரக் கடை ஒன்றில் 2,800 ரூபாய் கொடுத்து இந்தச் செடியை வாங்கினேன். "சொந்த வேர்ல நிக்கிது அண்ணே, கல்லு மாதிரி" என்றார் விற்ற தம்பி. வீட்டில் சாடி மாற்றும்போது பார்த்தால் வேர் ஒரு கைப்பிடி நூல்தான். பெரிய பூக்காரக் கலப்பினங்களுக்குச் சொந்த வேர் பெரும்பாலும் சவலைதான். வேலியில் நிற்கும் நாட்டுச் சிவப்பின் வேரில் ஏற்றினால்தான் நிமிரும். கடைக்காரத் தம்பியைத் திட்டிப் பயனில்லை, நானும் அவசரப்பட்டுத்தான் வாங்கினேன்.

முதல் சுற்றுப் பிழை முழுக்க என்னுடையது. பிழை என்பதை விடப் பரம்பரைத் திமிர் என்று சொல்லலாம். அம்மா தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் தவறணையில் வேலை செய்தவர். (யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்குத் தவறணை கள்ளுக்கு, எங்களுக்குத் தேயிலைக் கன்றுக்கு.) அம்மா "இருபத்தஞ்சி நல்லா வேர் விடும்" என்று சொன்னால் அது வருடக் கணக்கு இல்லை, தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் 2025ஆம் இலக்கத் தேயிலை. ஒரு கணு, ஒரு இலை, இலை மண்ணில் படாமல் சாய்த்து ஊன்றுவது, அடிமண்ணை மட்டும் நிரப்புவது எல்லாம் எங்கள் வீட்டில் சோறு வடிக்கிற மாதிரித் தெரிந்த வேலை. தாவரவியல் பெயரில் தேயிலையும் ஒரு 'சினென்சிஸ்', செவ்வரத்தையும் 'ரோசா-சினென்சிஸ்'. இரண்டும் சீனத்துப் பெயரைக் கட்டிக்கொண்டு வந்தவை, ஒரே வைத்தியம் போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஏப்ரலில் கலப்பினத்தில் ஐந்து குச்சி, வேலிச் சிவப்பில் பென்சில் தடிப்பில் ஆறு குச்சி. எல்லாவற்றுக்கும் தேயிலை மலைச் சரிவில் வெட்டிய அதே புளிப்பு அடிமண். சிவப்பு ஆறும் வேர் விட்டன. அதை மண்ணில் நட்டாலென்ன, மணலில் நட்டாலென்ன, தலைகீழாக நட்டாலும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கலப்பினம் ஐந்தும் ஜூன் வரை இலையைப் பச்சையாக வைத்துக்கொண்டே ஏமாற்றின. பிடுங்கிப் பார்த்தால் அடியில் கொழுக்கட்டை மாதிரி வெள்ளைத் தழும்பு, ஒரு வேர்கூட இல்லை. தேயிலை கேட்கும் புளிப்பு செவ்வரத்தைக்கு அதிகம், அந்தக் களிமண்ணில் காற்றும் போகாது. இப்போது தும்புத்தூளும் கழுவிய ஆற்று மணலும் சரிபாதி போட்டு, மேலே கொஞ்சம் கூட்டெரு கலக்கிறேன். இதோடு மண் பேச்சு போதும்.

ஆக, ஒட்டு. வேர் விட்ட சிவப்பு ஆறையும் கட்டையாக வைத்து ஜூன் கடைசியில் ஆறு ஆப்பு ஒட்டுப் போட்டேன் (கட்டையைப் பிளந்து, ஆப்பு மாதிரிச் சீவிய கலப்பினக் குச்சியைச் செருகுவது). வெட்டைப் பற்றி எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள், நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். சவரப் பிளேட் வேண்டாம். அது வளையும், வெட்டும் வளையும், வளைந்த ஆப்பு கட்டையில் ஒட்டாது. கடதாசி வெட்டும் கத்தியில் புது அலகை முறித்து ஒரே இழுப்பில் இழுங்கள். கட்டையும் குச்சியும் ஒரே தடிப்பில் இல்லையென்றால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கத்துப் பட்டையைச் சேர்த்து வையுங்கள். பட்டைக்கு அடியில் வழுவழுப்பாக இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் மாறிழையம் என்று படித்தது, அது அதோடு தொட்டால்தான் கதை. கட்டுவதற்கு ஒட்டு நாடா தேடிக் கொழும்புக்கெல்லாம் ஆளனுப்ப வேண்டாம். ஐஸ்பக்கட் உறையைக் கழுவி, அரை அங்குல நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுங்கள். கல் மாதிரி நிற்கும். (இது உண்மையாகவே கல்.)

ஆறும் பிடித்தன, அதுதான் வயிற்றெரிச்சல். மூன்றாம் வாரமே கண் வீங்கியது, நாலாம் வாரம் சின்ன இலை. ஒட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு சாடிக்கும் மேலே ஒரு தெளிந்த பொலித்தீன் பையைக் கவிழ்த்து அடியில் ரப்பர் வளையம் போட்டிருந்தேன். ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நல்ல வெளிச்சம், மனம் நிறைந்த சந்தோசம். பகல் பதினொன்றுக்கு ஐந்து பையையும் கழற்றினேன். பின்னேரம் இலை தொங்கியது. தண்ணீர் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை பையை மறுபடி போட்டேன். திங்கட்கிழமை ஐந்தும் வெந்த கீரை.

பண்டாரவளை இருக்கும் இந்த ஊவாப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜூலை என்றால் கச்சான் காற்று என்று தெரியும். மேற்கில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது உலர்ந்த காற்றாக வரும். ஊவாத் தேயிலைக்கு அந்த வாசம் வருவதே ஜூலை முதல் செப்டம்பர் வரை அடிக்கும் இந்தக் காற்றால்தான். தேயிலைக்குப் புகழ், என் ஒட்டுக்குச் சாவு. அதே கிழமை, மலைக்கு மேற்குப் பக்கம் ஹட்டனில் தங்கை வீட்டில் உடுப்புக் காயவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடியே அவள் போட்ட இரண்டு ஒட்டையும் ஒரே நாளில் திறந்து வைத்தாள், ஒன்றும் ஆகவில்லை. "ஒங்களுக்குக் கை ராசி இல்லண்ணே" என்றாள் தொலைபேசியில். அவளுக்கு அந்தக் காற்றைப் பார்சல் கட்டி அனுப்பலாமா என்று யோசித்தேன்.

ஐந்து பை என்றுதானே சொன்னேன். ஆறாவதைத் தாங்கிக்குப் பின்னால் வைத்து மறந்தே போனேன். நல்ல பை தீர்ந்துவிட்டதால் அதற்குப் பழைய பாண் பை ஒன்றைப் போட்டிருந்தேன். ஓரத் தையல் விட்ட பை. காற்று அடிக்க அடிக்க அந்தப் பிளவு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் தாங்கி கழுவப் போனபோது பார்த்தால், பை மேலிருந்து கீழ் வரை கிழிந்து கந்தலாக ஆடுகிறது. உள்ளே செடி நாலு இலையோடு நிமிர்ந்து நிற்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கந்தல் பையைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். "மத்ததெல்லாம் என்னா செஞ்ச?"

"கழட்டினேம்மா."

"ஒரே நாள்லயா?"

"ஆமா."

"தவறணையில அப்பிடி எவளாச்சும் கூட்டத் தெறந்திருந்தா அன்னைக்கே பேரு இல்லாம பண்ணியிருப்பாங்க. வெட்டத் தெரியிது, ஒட்டத் தெரியிது, தெறக்கத் தெரியலயே சாமி ஒனக்கு."

(பேர் என்றால் தோட்டத்தில் அன்றைய நாட்சம்பளம்.) எனக்கு உறைத்த இடம் அதுதான். தேயிலைத் தவறணையில் ஊன்றிய குச்சிக்கு மேலே பொலித்தீன் கூடு போட்டு மூடி, இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருப்பார்கள். அதை வெளிக்காற்றுக்குப் பழக்குவது தனி வேலை. நான் அம்மாவிடம் ஊன்றுவதைக் கேட்டேன், மண்ணைக் கேட்டேன், நிழலுக்குக் கெக்கில்லை என்ற காட்டுப் பன்னத்தை எப்படிக் குத்துவது என்றுகூடக் கேட்டேன். திறப்பதை மட்டும் கேட்கவில்லை. பையைக் கழற்றுவதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைப்பு.

காரணம் எளிதுதான். ஈரம் நிறைந்த பைக்குள் பிறந்த இலைக்கு மேல்தோல் மெல்லிசு, மெழுகுப் பூச்சு சரியாக இருக்காது, இலைத்துளை மூடவும் பழகியிருக்காது. வெளியே எடுத்ததும் தண்ணீரைக் கொட்டிவிடும். கீழே ஒட்டில் தழும்புதான் பாலம் போட்டிருக்கும், தண்ணீர்க் குழாய் இன்னும் முழுதாகச் சேர்ந்திருக்காது. மேலே பெரிய செலவு, கீழே குறைந்த வரவு. சாடியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மேலே ஏறாது.

டிசம்பர் மழையில் தாய்ச்செடிக்கு வேர் அழுகத் தொடங்கியது. பொங்கல் கிழமை, இருந்த நல்ல குச்சியை எல்லாம் வெட்டி எட்டு ஒட்டுப் போட்டேன். கட்டைகளை அம்மா ஓகஸ்ட்டிலேயே ஊன்றி வைத்திருந்தார், எனக்குச் சொல்லாமல். ஒன்று பிடிக்கவே இல்லை, ஒன்று பைக்குள் பூஞ்சணம் பிடித்துப் போனது. ஆறு மிச்சம். திறப்பது இந்த முறை முழுக்க அம்மாவின் சட்டம்.

முதல் கண்ணில் இலை இரண்டு விரியும் வரை ரப்பர் வளையத்தைத் தொடக் கூடாது. பிறகு, வெயில் இறங்கி, ஐந்தரைக்குப் பின்னால், வளையத்தை மட்டும் எடுக்க வேண்டும். பை அப்படியே கவிழ்ந்திருக்கும். மூன்று நாள். அடுத்து மேல் மூலை ஒன்றை வெட்ட வேண்டும். சின்ன விரல் போகிற அளவு, பெருவிரல் இல்லை. இதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. நான் வெட்டியது பெருவிரல் என்று அம்மா ஒரு பையை ஒட்டுநாடா போட்டு மூடினார். நாலு நாள். மறுநாள் காலை பத்துக்கும் பகல் இரண்டுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். பத்து மணிக்கே இலை நுனி சரிந்தால் மூலையை மூடு, இரண்டு நாள் தள்ளிப் போடு. இரண்டு மணிக்கும் நிமிர்ந்தே இருந்தால் அடுத்த மூலை. அதற்குப் பிறகு இரவில் மட்டும் பை இல்லாமல், விடிந்ததும் பை. கடைசியாக, மழை இருட்டுக் கட்டிய ஒரு நாள் பார்த்து முழுதாக எடு. மழை வரவில்லை என்றால் வரும் வரை காத்திரு.

நான் கணக்கு எழுதி வைத்தேன்: வேகமாக வந்தது பதினெட்டு நாள். மெதுவானது இருபத்தாறாம் நாளிலும் ஒரு மூலையோடு நிற்கிறது. அம்மா கணக்கு எழுதவில்லை, காலையில் பையின் உட்புறத்தைப் பார்ப்பார். முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் "இன்னும் உள்ளுக்குள்ளதான் குடிக்கிது", இலேசான புகை மாதிரி இருந்தால் "வெளிய பழகிருச்சி". என் நாட்கணக்கை விட இது இரண்டு முறை சரியாக வந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

இடையில் பஞ்சுப்பூச்சி வேறு. வேப்பெண்ணெயைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீரில் கலந்து அடித்தேன். போனது, ஆனால் பைக்குள் இருக்கும் குருத்துக்கு அடிக்காதீர்கள், ஓரம் கருகுகிறது. தேயிலைக்குப் போடும் உரத்தைக் கைப்பிடி போட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். அதற்கு ஒரு சாடியை ஏற்கனவே பலி கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஆசை, தொங்கு செவ்வரத்தை, அதுதான் இதழ் கிழிந்து விளக்கு மாதிரித் தலைகீழாகத் தொங்குமே, அதன் கட்டையில் ஏற்றிப் பார்ப்பது. கோயில் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா வைத்திருக்கிறார். குச்சி கேட்டால் "பூத்தப்புறம் வா" என்கிறார், அது பூக்காத நாளே இல்லை. ஒரே கட்டையில் இரண்டு நிறம் போடவும் ஒரு யோசனை. ஆறையும் வெளியே எடுத்துவிட்டு யோசி என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

ஆறில் நாலு வெளியே வந்துவிட்டன. இரண்டு இன்னும் பைக்குள், ஒன்றுக்கு இன்று பின்னேரம் இரண்டாவது மூலை. நேற்றுப் பூத்தது அந்தக் கந்தல் பைச் செடிதான்.

நாட்டுச் சிவப்பு காலையில் விரிந்து அன்று பொழுது சாயவே சுருண்டுவிடும். இது இன்று காலை ஏழுக்கும் விரிந்தே நின்றது, மஞ்சள் கொஞ்சம் வெளிறி, ஊதா அப்படியே. அம்மா பூக்கூடையோடு வந்து அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். சாமிப் படத்துக்குத்தான் கேட்கப் போகிறார் என்று என் வயிறு கலங்கியது.

"இதுக்கு வாசம் இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப சாமிக்கி நம்ம செம்பருத்தியே போதும்" என்று வேலிப் பக்கம் போனார். போகிற வழியில் குனிந்து, நான் பைக்குள் வைத்திருக்கும் இரண்டில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்கு இன்னைக்கி வெட்டாத. முத்து இன்னும் இருக்கு."