மடிப்புப் பிரித்த பேன்ட்

"கோர்ட் மாதிரி கூண்டெல்லாம் கிடையாதும்மா, எதிர்ல உக்காந்துதான் பேசுவாங்க."

இன்று மாட்டுத்தாவணி டீக்கடையில் சாதாரணச் சட்டை போட்ட போலீஸ்காரர் ஓர் அம்மாவிடம் சொன்னது. நடுவில் பையன்.

பள்ளிக்கூட பேன்ட். உயரம் கூடியிருக்கிறான் போல, அடிமடிப்பைப் பிரித்துவிட்டிருந்தார்கள், பழைய கோடு அப்படியே தெரிந்தது.

2015 சிறார் நீதிச் சட்டம், அதன் விதிகள்படி 18 வயசுக்குக் கீழே இருந்தால் விலங்கு கூடாது, லாக்கப் கூடாது, போலீஸும் முடிந்தவரை யூனிஃபார்மில் வரக்கூடாது. இவர்கள் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள், ஒருவர் கண்டிப்பாகப் பெண்.

சரி, ஆனால் 16 முடிந்தவன் மேல் கொடுங்குற்ற வழக்கு என்றால் பெரியவர்களைப் போல விசாரிக்க வழிவிடும் 15-ஆவது பிரிவு மனசை அறுக்கிறது. இன்னும் வளர்கிற பிள்ளைதானே அவனும்?

பஸ் வந்தது. அம்மா அவன் காலரை இழுத்துச் சரிசெய்தார்.