பின் டயர் வாங்கப் போய் 1,750 ரூபாயைத் தெருவில் உருட்டிய கதை

எந்தக் கம்பெனி டயர் நல்லது என்று தெரிந்துகொள்ள வந்திருந்தால், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் அதற்குப் பதில் இல்லை. நானும் அந்தக் கேள்வியோடுதான் கிளம்பினேன். அது தப்பான கேள்வி என்று தெரிவதற்குள் ஒரு டயர் காசு போச்சு, மூன்று அரை நாள் லீவு போச்சு.

வண்டி 2021 ஹோண்டா ஷைன் 125 பைக். முடிச்சூரிலிருந்து மண்ணிவாக்கம், படப்பை வழியாக ஒரகடத்துக்கு, வேலைக்குப் போக வர 44 கிலோமீட்டர். நேர் ரோடு, முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி, ஓரமெல்லாம் மணல். வண்டியோடு வந்த பின் டயர் 28,000 கிலோமீட்டர் வந்தது, குறை சொல்ல முடியாது. அதை மாற்றும்போது வீட்டுப் பக்கத்துக் கடையில் "நல்லா உழைக்கிற மாதிரி ஒண்ணு போடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். நான் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான். அந்த டயர் 11,000-த்திலேயே நடுவில் மொட்டை.

பாதி ஆயுள்கூட வரவில்லையே என்ற ஆத்திரத்தில் கிளைம் கேட்டுப் போனேன். பில் பத்திரமாக வைத்திருந்தேன், அதில் எனக்குப் பெருமை வேறு. கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல சீரியல் நம்பர் இல்லையே சார்" என்றார். 'டயர் - 1' என்று எழுதிக் கொடுத்ததே அவர்தான்! டயரின் பக்கவாட்டில் இருக்கும் சீரியல் நம்பர் பில்லில் இல்லாவிட்டால் இந்த பில் இந்த டயருக்குத்தான் என்று எப்படி நம்புவது என்கிறார். கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு, வியாழக்கிழமை கம்பெனி இன்ஜினியர் வருவார், அவரிடம் காட்டுங்கள் என்றார். அரை நாள் லீவு போட்டுப் போனேன், இன்ஜினியர் வரவில்லை. அடுத்த வியாழன் இன்னொரு அரை நாள். இந்த முறை வந்தார்.

அவர் பில்லைப் பார்க்கவே இல்லை. குத்த வைத்து உட்கார்ந்து சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கட்டைவிரலால் டயரின் ஓரத்தைத் தடவி, "இது என்னன்னு பாருங்க சார்" என்றார். புது டயரில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முடி, அது ஓரத்தில் அப்படியே இருந்தது. நடுவில் பட்டனே (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) இல்லை, ஓரத்தில் முடிகூடக் கொட்டவில்லை.

"பின்னாடி எவ்ளோ காத்து வெக்கிறீங்க?"

"நாப்பது."

"டெய்லி ரெண்டு பேரா?"

"இல்ல, நான் மட்டும்தான்."

எழுந்து என் வண்டியின் செயின் கவரை விரலால் துடைத்தார். மூன்று வருஷ மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் வெளியே வந்தது. முன்னால் 25, பின்னால் ஒருவர் போனால் 29, இருவர் போனால் 41. நான் வேலை பார்ப்பது ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில், நாள் முழுக்க ஸ்டிக்கர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் அடக்கம். அந்த நிமிஷம் அதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். காற்று அதிகமானால் டயர் நடுவில் உப்பிக்கொள்ளும், ரோட்டில் படுவது அந்த ஒரு பட்டை மட்டும், அது சீக்கிரம் தேயும். குறைவாக இருந்தால் ஓரங்கள் தேயும், டயர் சூடாகும், பெட்ரோலும் குடிக்கும். பஞ்சர் கடைகளில் எந்த வண்டி வந்தாலும் முன்னால் 30, பின்னால் 40 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், யார் ஏறுகிறார்கள், எத்தனை பேர் என்றெல்லாம் கேட்பதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதுவும் காலையில் வண்டி எடுத்ததும், டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். 20 கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பார்த்தால் கேஜ் கூடுதலாகத்தான் காட்டும்.

கிளைம் கிடைக்கவில்லை. வாரன்டி என்பது தயாரிப்புக் குறைக்குத்தான், தேய்மானத்துக்கு இல்லை. கிடைத்தாலும் ஓடின தேய்மானத்தைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், புது டயர் சும்மா வரும் என்று கனவு காண வேண்டாம்.

அப்புறம் கம்பெனி கேன்டீனில் ஆலோசனைக் கூட்டம். ஒருவர் எம்.ஆர்.எஃப். தவிர வேறு பேச்சே எடுக்காதே என்றார், மதுரைக்காரர் ஒருவர் வெள்ளரிப்பட்டி டிவிஎஸ் டயர் ஆலையில் தன் மாமா வேலை பார்த்த காலத்திலிருந்தே டிவிஎஸ்தான் என்றார், இன்னொருவர் சியட். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் அப்போலோ ஆலை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே, சியட், அந்தக் கோடியில் திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். சுற்றிலும் டயர் ஆலை, நடுவில் மொட்டை டயரோடு நான். ஒரு தம்பி இன்னும் அகலமான 90/90 சைஸ் போடுங்கண்ணா, வண்டி கெத்தா இருக்கும் என்றான். கெத்து எனக்கு எதற்கு? வண்டிக்குக் கொடுத்த சைஸ் 80/100-18, அதைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தேன். அகலமான டயர் என்றால் மைலேஜும் அடிபடும்.

ரப்பர் விஷயம் மட்டும் நன்றாக யோசித்தேன். அதிகம் உழைக்கிற டயர் என்றால் பொதுவாகக் கெட்டி ரப்பர், மழை ரோட்டில் பிடிமானம் கொஞ்சம் குறையும். மெத்து ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இரண்டும் ஒரே டயரில் முழுசாக வேண்டும் என்றால் நடக்காது. கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் ரோடு எப்படி இருக்கும் என்பது ஊருக்கே தெரியும், அதனால் 40,000 வரும் என்று ஆசை காட்டுகிற டயர் வேண்டாம், 25,000 வந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது அசட்டுத்தனம் நம்பர் இரண்டு. 2024 ஆகஸ்ட். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் 200 ரூபாய் குறைவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை பெருங்களத்தூரில் ரயிலேறி எழும்பூரில் இறங்கிப் போனேன். கடைக்காரர் நல்ல பேச்சு. பில் வேண்டாம் என்றால் இன்னும் 150 குறைத்துக்கொள்ளலாம் என்றார். பில் இருந்தே என்ன கிழித்தோம் என்ற கடுப்பில் இருந்தேன், சரி என்றுவிட்டேன். 1,750 ரூபாய். டயர் பளபளவென்று கறுப்பாக இருந்தது, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் ஊர் வந்து சேர்ந்தேன். பளபளப்பு பாதி என் வெள்ளைச் சட்டையில் இறங்கியிருந்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம், புது டயருக்கு எதற்கு பாலிஷ் என்று.

மாட்டுவதற்கு எங்கள் தெரு முனைப் பஞ்சர் கடை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் டயரைக் கையில் வாங்கியதும் பட்டனைப் பார்க்கவில்லை, பேரைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் எதையோ தேடினார். ஈரத்துணியால் ஒரு இடத்தைத் துடைத்து, "தம்பி, படி" என்றார்.

நீள்வட்டத்துக்குள் நான்கு எண். 3920.

"2020-ல 39-வது வாரம். செப்டம்பர் கடைசி. நாலு வருஷம் கடையில தூங்கிட்டு இப்பதான் உங்கிட்ட வந்திருக்கு."

பட்டனுக்கு இடையில் இருக்கும் பள்ளத்தை இரண்டு கட்டைவிரலாலும் விரித்துக் காட்டினார். உள்ளே மெல்லிய விரிசல்கள், காய்ந்த ஏரி மண் மாதிரி. ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும், கெட்டிப்படும் என்று சொன்னார். "மாட்டச் சொன்னா மாட்றேன், மழையில விழுந்தா என்னைக் கேக்கக் கூடாது."

அடுத்த வாரம் இன்னொரு அரை நாள். ஜி.பி. ரோடு கடையில் அதே நல்ல பேச்சுக்காரர், "இது எங்க கடை டயர்தான்னு எப்படி சார் சொல்றீங்க?" என்றார். பில் இல்லையே. வாயடைத்துப் போய் அதே டயரை அதே தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். எழும்பூர் பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர், "என்னப்பா, ரயிலுக்கு ஸ்டெப்னியா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த டயர் இப்போது பக்கத்து வீட்டுப் பையனிடம் இருக்கிறது, சாயங்காலமானால் குச்சியை வைத்துத் தெருவில் உருட்டிக்கொண்டு ஓடுகிறான். அதில் ஓடுகிற ஒவ்வொரு மீட்டரும் என் காசு.

மூன்றாவது கடை தாம்பரத்தில். இந்த முறை நான் ஆழம் அளக்கும் கருவியான வெர்னியரோடு போனேன். கடைப் பையன் தொங்கிக்கொண்டிருந்த டயர்களில் ஒன்றை எடுத்துப் போட்டான். சைஸ் 80/100-18, சரி. தேதி 1924. வருஷம் 1924 என்று பயந்துவிட வேண்டாம், 2024-ன் 19-வது வாரம், அப்போதைக்கு நாலு மாசக் குழந்தை. சந்தோஷமாக "மாட்டுங்க" என்று சொல்ல வாயெடுத்தவன், சைஸுக்குப் பக்கத்தில் 47P என்று இருப்பதைப் பார்த்தேன். என் பழைய பின் டயரில் 54P. என் ஷைனில் முன்னும் பின்னும் ஒரே சைஸ், ஆனால் ஒரே டயர் இல்லை. அந்த எண் டயர் தாங்கும் எடைக்கான குறியீடு: 47 என்றால் 175 கிலோ, 54 என்றால் 212 கிலோ. P என்பது வேகம், மணிக்கு 150 கிலோமீட்டர் வரை, அதற்கும் ஷைனுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் எடை விஷயம் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் 26 கிலோ அரிசிச் சிப்பமும் ஏறினால் பாரம் முக்கால்வாசி பின்னால்தான்.

முதலாளியிடம் கேட்டேன். "ரெண்டும் ஒரே சைஸ்தான் சார், எல்லாரும் போட்டுட்டுதான் போறாங்க."

"54 இருந்தா குடுங்க, இல்லன்னா வேணாம்."

முறைத்தார், அப்புறம் நான்கு நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது 2624 தேதியிட்ட 54P வந்திருந்தது. பட்டன் ஆழத்தை வெர்னியரின் டெப்த் ராடை விட்டு அளந்தேன், 7.2 மில்லிமீட்டர். கடையில் இருந்த நாலு பேரும் வேடிக்கை பார்த்தார்கள். பில்லில் சீரியல் நம்பரை நான் படிக்கப் படிக்க அந்தப் பையன் எழுதினான், ஒரு எழுத்து தப்பாகி அடித்துத் திருத்தியபோது முழு பில்லையும் வேறு போடச் சொன்னேன். அந்த நாளின் முழு திருப்தி அதில்தான். விலை ஜி.பி. ரோட்டைவிட 300 ரூபாய் அதிகம். கொடுத்துவிட்டேன்.

மாட்டுவது பத்து நிமிஷ வேலை, ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், பையன் பேச்சு சுவாரஸ்யத்தில் அதைத் திருப்பிப் போட்டு, கழற்றி மறுபடி மாட்டினான். ட்யூப்லெஸ் என்றால் வால்வையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள், சில்லறைக் காசுதான், பழைய வால்வு ரப்பர் காய்ந்து காற்று இறங்க ஆரம்பித்தால் திரும்பவும் டயரைக் கழற்ற வேண்டியிருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வழுக்கும், வளைவில் சாய்க்க வேண்டாம்.

இப்போது 12,000 ஓடிவிட்டது. போன டயர் இந்நேரம் குப்பைக்குப் போயிருந்தது. வெர்னியர் 4.9 காட்டுகிறது, ஆயிரம் கிலோமீட்டருக்கு 0.2-க்கும் கொஞ்சம் குறைவு. சட்டப்படி டூவீலருக்கு 0.8 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். பள்ளத்துக்குள் சின்ன மேடு இருக்கும், பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் முடிந்தது கதை. மழைக்காலத்தில் அதுவரை இழுக்க எனக்குத் தைரியம் இல்லை, 2-ல் மாற்றிவிடுவேன். இதே கணக்கில் போனால் 27,000 சொச்சம் வரும். காற்று தனியாகப் போகும்போது 29, ஞாயிற்றுக்கிழமை 41. பஞ்சர் கடை அண்ணன் இன்னமும் பழக்க தோஷத்தில் 40-க்கு ஏற்றிவிடுகிறார், கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று "அண்ணே, 29" என்று ஒவ்வொரு முறையும் கத்த வேண்டியிருக்கிறது.

முன் டயர் வண்டியோடு வந்ததுதான், 51,000 ஓடிவிட்டது, ஓரத்தில் வெடிப்பு வர ஆரம்பித்துவிட்டது. 2025 செப்டம்பர் 22-லிருந்து டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, பழைய எம்.ஆர்.பி. ஸ்டிக்கரைக் காட்டிப் பழைய விலை சொன்னால் கேட்டுப் பாருங்கள். போன வாரம் அதே தாம்பரம் கடைக்குப் போய், முன்னால் போட 47P இருக்கிறதா என்றேன். முதலாளிக்கு என்னை ஞாபகம் இருந்தது. "அன்னிக்கு வேணாம்னீங்களே சார், உங்களுக்காகவே வெச்சிருக்கேன்" என்று சிரித்தபடி, தொங்கிக்கொண்டிருந்த ஒரு டயரை இறக்கித் தூசி தட்டினார். பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தேன். 1924. புதுசு வந்ததும் போன் பண்ணச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.