பல்லவித் தேர்வு: எடுப்புக் கணக்கு முதல் கேள்வி நேரம் வரை

முதுகலை இசை மாணவர்கள் பாட்டெழுத்துத் தாளுக்கும் வரலாற்றுத் தாளுக்கும் பயப்படுவதில்லை. பயப்படுவது ராகம் தானம் பல்லவிக்குத்தான்: ராக ஆலாபனை, தானம், ஒரே வரியைத் தாளத்தில் பல வேகங்களில் விரிக்கும் பல்லவி மூன்றும் சேர்ந்த பகுதி அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1932-இல் டைகர் வரதாச்சாரியார் தலைமையில் இசை வகுப்பு தொடங்கிய காலத்திலிருந்தே, மேடை வித்துவானின் மனோதர்மத்தை (அந்தந்த நேரத்தில் கற்பனையாகப் பாடும் திறனை) வகுப்பறையில் எப்படிக் கற்றுத்தருவது, எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி இருந்துகொண்டே வருகிறது. அந்தக் கேள்வி மாணவரின் தலையில் வந்து இறங்கும் இடம் இந்தச் செய்முறைத் தேர்வு. தேர்வைக் கடந்து வந்தவர்களாகவும், அடுத்தவர்களைத் தயார்செய்பவர்களாகவும் நாங்கள் கண்டது ஒன்று: குரல் சரியில்லாமல் தோற்பவர்கள் குறைவு. ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குத் தாவும் இடத்தில்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள். அதை முன்கூட்டியே, பல்லவியை அமைக்கும்போதே சரிசெய்துவிட முடியும்.

முதலில் ராகம். காம்போஜி, பைரவி, தோடி, கல்யாணி, சங்கராபரணம் இவற்றில் ஒன்றை எடுப்பது நல்லது. அபூர்வ ராகத்தை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். எந்த ராகத்தை எடுத்தாலும் அதன் உறவு ராகத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். பைரவி என்றால் மாஞ்சியைப் பற்றிக் கேள்வி வரும். இரண்டு தைவதமும் எங்கெங்கே வரும் என்று பாடிக் காட்டச் சொல்வார்கள். காம்போஜி என்றால் "ச நி ப த ச" பிடியில் வரும் காகலி நிஷாதத்தைக் கேட்பார்கள். தானத்தில் "அனந்தம், ஆனந்தம்" என்ற சொற்கள் நான்கு நான்காகவே விழுந்தால் சலிப்புத் தட்டும். மூன்று, ஐந்து, ஏழு எழுத்துக் கோவைகளைக் கலந்து பழகினால் தானம் தானாகவே விரியும்.

இனி பல்லவி. இரண்டு களை ஆதியை எடுத்துக்கொள்வோம். 8 எண்ணிக்கை, ஒவ்வொன்றும் இருமுறை, ஆக 16 கிரியை (கையசைவு). கிரியைக்கு 4 மாத்திரை வீதம் ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 64. எடுப்பு (வரி தொடங்கும் இடம்) சமத்திலிருந்து (தாளத்தின் தொடக்கத்திலிருந்து) 6 மாத்திரை தள்ளி, அதாவது இரண்டாம் தட்டின் நடுவில். அருதி (வரியின் நடுவில் முக்கியச் சொல் வந்து நிற்கும் இடம்) 32-இல், முதல் துருதத்தின் (ஒரு தட்டும் ஒரு வீச்சும் கொண்ட பகுதியின்) தட்டில். "வேல்கொண்டு வினைதீர்க்க வா" என்று ஒரு வரியை அமைத்தால், "வா" அருதியில் உட்கார வேண்டும். அதற்கு முன்பாக 26 மாத்திரை இருக்கிறது. அருதி எழுத்து நெடிலாக இருந்தால்தான் கார்வை (இழுத்து நிறுத்தும் ஒலி) நிற்கும். பாதி வேகமான கீழ்க்காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் இரட்டிப்பாக நீளும்போது சொல் உடைந்து வேறு பொருள் வந்துவிடாமலும் பார்க்க வேண்டும். தமிழ் சாகித்தியத்தில் இது உடனே காதில் உறுத்தும்.

அனுலோமத்தில் தாளம் அப்படியே நிற்கும், சாகித்தியம் மட்டும் வேகம் மாறும். கீழ்க்காலத்தில் எல்லாம் இரட்டிப்பு: எடுப்பு 12 மாத்திரை தள்ளி, சுண்டு விரலின் இரண்டாம் எண்ணில், அருதி 64-இல், அதாவது இரண்டாம் ஆவர்த்தனத்தின் சமத்தில். மேல்காலத்தில் எல்லாம் பாதி: எடுப்பு 3 மாத்திரை தள்ளி, அருதி 16-இல் மோதிர விரலில், அதே ஆவர்த்தனத்தில் இன்னொரு முறை 35-இல் எடுத்து 48-இல் அருதி. திஸ்ரத்தில் (மும்மூன்றாக எண்ணும் நடையில்) கிரியைக்கு 6 எழுத்து, ஆவர்த்தனத்துக்கு 96. எடுப்பு 6 எழுத்து தள்ளி, சரியாக இரண்டாம் தட்டின் தலையில் விழும். இரண்டு ஆவர்த்தனத்தில் மூன்று முறை பாட வேண்டும்: 6, 70, 134-ஆம் எழுத்து கழிந்து எடுப்பு. மூன்றாவது முறை முடிந்ததும் 198, அதாவது மறுபடியும் இரண்டாம் தட்டு. இந்த எண்களைப் பார்த்துத்தான் பலர் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் பாடமாகிவிட்ட பிறகும் விழுகிறார்கள்.

காரணம் இதுதான். கீழ்க்கால வரி முழுதாகப் பாடினால் அடுத்த ஆவர்த்தனத்தின் 12-ஆம் மாத்திரையில் முடியும். வரியின் மூல வேகமான மத்திமகாலமோ 6-இலேயே எடுக்க வேண்டும். 6 மாத்திரை ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. மத்திமத்திலிருந்து மேல்காலத்துக்குப் போகும்போது 3 மாத்திரை ஏறுகிறது. மேல்காலத்திலிருந்து திஸ்ரத்துக்குப் போகும்போது ஏறுவதற்குப் பதிலாக 1 மாத்திரை மிஞ்சும். திஸ்ரத்திலிருந்து மத்திமத்துக்குத் திரும்பும்போது 2 மாத்திரை மிஞ்சும். மிஞ்சும் இடத்தில் கொஞ்சம் பொறுத்தால் போதும், அங்கே அவசரப்பட்டு முன்னால் எடுப்பதுதான் வழக்கமான தவறு. ஏறும் இடத்தில் பொறுமை உதவாது, எழுத்தைத்தான் விழுங்க வேண்டிவரும்.

ஆகவே வரியை அமைக்கும்போதே கடைசி 3 மாத்திரையை எழுத்தில்லாமல் வெறும் கார்வையாக விட்டுவிடுங்கள். கீழ்க்காலத்தில் அது 6 ஆக விரிந்து அந்த ஏற்றத்தைச் சரியாக விழுங்கும். மத்திமத்தில் 3 ஆகவே நின்று மேல்காலத்துக்கு வழிவிடும். பழைய வித்துவான்களின் பல்லவிகள் இறுதியில் மூச்சுவிட இடம் வைத்திருப்பதன் பயன் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். எடுப்பைத் தள்ளி வைத்தால் கார்வையும் அதற்கேற்பக் கூட வேண்டும்: எடுப்பு எத்தனை மாத்திரையோ அதில் பாதி.

பதிவேட்டில் சுரப்படுத்தும்போது ஒவ்வொரு வரியின் மாத்திரையையும் கூட்டி ஓரத்தில் எழுதுங்கள். 64 வராத வரி தேர்வாளர் கண்ணில் உடனே படும்.

கற்பனையாகப் பாடும் சுரங்களைக் கணக்காக முடித்துவைக்கும் கல்பனாசுரக் கோர்வைக்கும் இதே எடுப்புதான் எல்லை. சமத்தில் தொடங்கினால் 64 + 6 = 70 மாத்திரை வேண்டும். எளிய அமைப்பு: பூர்வாங்கத்தில் (முதல் பகுதியில்) 9 எழுத்து, 3 கார்வை, இப்படி மூன்று முறை, மொத்தம் 36. உத்தராங்கத்தில் (பின்பகுதியில்) 10 எழுத்து மூன்று முறை, நடுவில் இரண்டிடத்தில் 2 கார்வை, மொத்தம் 34. சிக்கலான கோர்வையைத் தடுமாறிப் பாடுவதைவிட இது தெளிவாக எடுப்பில் வந்து சேர்வது மேல்.

நேரத்தையும் அளந்து வையுங்கள். ஒரு கிரியைக்கு ஒரு விநாடி என்றால் கீழ்க்காலம் 32 விநாடி, மத்திமம் 16, மேல்காலம் இருமுறை 16, திஸ்ரம் 32. ஒரு சுற்று 96 விநாடி. இதைவிட நிதானமாக எடுத்தால் கீழ்க்காலத்தில் மூச்சு நிற்காது. மணி அடிப்பதற்குள் அனுலோமம் முடிய வேண்டுமானால் ஆலாபனையைத்தான் சுருக்க வேண்டும், அனுலோமத்தை அல்ல.

பக்கவாத்தியக்காரரிடம் எடுப்பு, அருதி, கோர்வை மூன்றையும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். 1 கட்டைச் சுருதிக்குப் பாடுபவருக்கு வைத்திருக்கும் தக்கு மிருதங்கம் 5 கட்டைக்காரருக்கு ஆகாது. அவருக்கு ஹெச்சு மிருதங்கம் வேண்டும். ஒரே நாளில் ஆணும் பெண்ணும் பாடும் வரிசை என்றால் இரண்டும் அறையில் இருக்கிறதா என்று முதல்நாளே கேட்டு வைப்பது நல்லது. வரிசையில் நீண்ட நேரம் காத்திருந்தால், தொப்பியில் தடவிய ரவை மின்விசிறிக் காற்றில் காய்ந்து இடப்பக்கத்து நாதம் மாறிவிடும். உங்கள் முறை வருவதற்கு முன் அதை ஈரப்படுத்திச் சுருதி பார்க்க அவருக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள்.

பாடி முடித்த பிறகு வரும் கேள்விகளில் அதிகம் கேட்பது இரண்டு. ஒன்று, இதே வரியைச் சமத்தில் எடுத்துப் பாடுங்கள் என்பது. அப்போது அருதிக்கு முன் 26 அல்ல, 32 மாத்திரை இருக்கும். கூடுதலான 6-ஐ முதல் சொல்லிலேயே கார்வையாகச் சேர்த்துவிடுங்கள், நடுவில் பிரித்தால் குழப்பம். இன்னொன்று பிரதிலோமம்: சாகித்தியம் அதே வேகத்தில் நிற்க, கையில் தாளம் மாறும். இதை வாயால் மட்டும் பழகினால் வராது. வரியை மனதுக்குள் ஓடவிட்டு, கையை மட்டும் முதலில் இரட்டிப்பாகவும் பிறகு பாதியாகவும் போட்டுப் பழக வேண்டும்; கை பழகிய பிறகு குரலைச் சேர்த்தால் போதும்.