பொள்ளாச்சி முதல் வால்பாறை வரை: பலகை படித்துக்கொண்டே ஒரு பயணம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். அணை, காடு, தேயிலை பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இது, வழிநெடுக எழுதி வைத்திருப்பதை ஒன்றுவிடாமல் படிக்கிறவர்களுக்கு.

பஸ் ஸ்டாண்டுகளில் தவறாமல் இருப்பது 'திருடர்கள் ஜாக்கிரதை'. எழுதியபடி பார்த்தால் அக்கறை திருடர் மேல்தான்: பார்த்துப் பத்திரமாகத் திருடுங்கள். 'திருடர்களிடம்' என்று எழுத வேண்டும். அந்த 'இடம்' சேர்க்கப் பலகையில் இடமில்லை போலிருக்கிறது. 'நாய்கள் ஜாக்கிரதை'யும் இதே ரகம்தான். நாய்க்குப் படிக்கத் தெரியாது, அதனால் பாதகமில்லை.

பஸ்ஸுக்குள் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்'. புறம் என்றால் வெளியே. முதுகு என்றும் பொருள் உண்டு. காற்புள்ளியே இல்லாததால் கை, தலை, முதுகு மூன்றையும் நீட்டாதே என்று படிக்கலாம். முதுகை ஜன்னல் வழியே நீட்டுவது சர்க்கஸ்காரருக்கே சிரமம். காலைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆக அனுமதி உண்டு. இதில் பெரிய கோளாறு, வாசகம் இருப்பது உள்ளே, ஜன்னலுக்கு மேலே. தலையை வெளியே நீட்டியவர் கண்ணில் அது படவே படாது. 'கை, தலையை வெளியே நீட்டாதீர்கள்' என்றால் எதுகை போய்விடும். போகட்டுமே!

'படியில் பயணம் நொடியில் மரணம்' எழுதியவருக்கும் எதுகைதான் முக்கியம். படியில் தொங்குபவருக்கு அது முதுகுப் பக்கம். தானியங்கிக் கதவு போட்ட பஸ்ஸில் அதே வாசகம் யாருக்கு என்பது தெரியவில்லை.

மலை ஏறத் தொடங்கியதும் 'முன்செல்லும் வாகனத்தை முந்தாதீர்'. பின்னால் வருவதை எப்படி முந்துவது? 'வளைவில் முந்தாதீர்' போதும். 'விபத்துப் பகுதி' என்று மட்டும் இருந்தால் 'பார்க்கிங் பகுதி' போல அதற்கென்றே ஒதுக்கிய இடமோ என்று தோன்றும். 'வேகத்தடை உள்ளது' பலகை வேகத்தடைக்கு 40 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். பக்கத்திலேயே நட்டுவைத்தால், தலை கூரையில் இடித்த பிறகுதான் தகவல் வரும். 'பிளாஸ்டிக் தவிர்ப்போம்' என்பதை ஃபிளெக்ஸில் அச்சடித்துக் கட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. ஃபிளெக்ஸும் பிளாஸ்டிக்தான்.

சுவாரசியமானது ஹாரன் விவகாரம். வளைவில் 'ஒலி எழுப்பவும்'. காட்டுக்குள் 'ஒலி எழுப்பாதீர்'. வளைவு இருப்பதும் காட்டுக்குள்தான். இரண்டுக்கும் காரணம் உண்டு: எதிரே வருவது தெரியாது, யானையும் வரையாடும் மிரளும். எங்கே எது செல்லும் என்பதை மட்டும் எந்தப் பலகையும் சொல்வதில்லை. பகலில் மறைவான வளைவுக்கு முன் ஒரே ஒரு சின்ன ஹாரன், இரவில் ஹெட்லைட்டை ஒருமுறை டிம் அடிப்பது என்று வைத்துக்கொண்டால் இரண்டு பலகைக்கும் மரியாதை.

குறையே சொல்ல முடியாதவையும் உண்டு. 'ஏறும் வண்டிக்கு வழி விடவும்': ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளும், கிளட்ச் தேயும். 'ஏறிய கியரிலேயே இறங்கவும்': இறக்கம் முழுக்க பிரேக்கையே மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும்; இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எதுகை கிடையாது, கரமும் சிரமும் கிடையாது. இந்த மாதிரிப் பலகையைத்தான் செடி மறைத்திருக்கும்.