214/126 இருந்தும் போட முடியாத கோடு

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளுக்கு, அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளுக்கு, கோடு (ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்) போடுவது என் வேலை. உள்நோயாளிப் பிரிவுக்கு மாறிய இரண்டாம் மாதமே ஆடிட்டில் மாட்டினேன்.

நோயாளியின் ரத்த அழுத்தம் 214/126. கண் மங்கல், தலைவலி, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் ஏறிய கிரியேட்டினின். ஐசியூவில் வைத்து, அழுத்தத்தைக் குறைக்க நரம்பு வழியே ஏற்றும் நிக்கார்டிபைன் டிரிப் போட்டிருந்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஹைப்பர்டென்சிவ் எமர்ஜென்சி (உறுப்புகளைப் பாதிக்கும் அளவுக்கு எகிறிய ரத்த அழுத்தம்) என்று ஐ16.1 போட்டுவிட்டேன்.

"டாக்டர் அதை எந்த வரியில் எழுதியிருக்கிறார், காட்டுங்கள்" என்றார் ஆடிட்டர்.

டிஸ்சார்ஜ் சம்மரி வரை சல்லடை போட்டேன். ஓரிடத்தில் 'சிவியர்', இன்னோரிடத்தில் 'ஆக்சலரேட்டட் ஹைப்பர்டென்ஷன்'. எமர்ஜென்சி என்ற சொல் இருந்தது, அவசரப் பிரிவின் பெயரில் மட்டும். ஆக்சலரேட்டட் என்றாலும் மாலிக்னன்ட் (அபாயகரமான வகை) என்றாலும், அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மின் அகரவரிசை, பொதுவான உயர் ரத்த அழுத்தத்துக்கான ஐ10க்குத்தான் அனுப்பும். தினம் ஒரு மாத்திரையோடு நடமாடுகிறவருக்கும் அதே ஐ10தான். அதற்கு முந்தைய தொகுப்பான ஐசிடி-9இல் மாலிக்னன்டுக்கு 401.0 என்று தனி எண்ணாவது இருந்தது. 2015 அக்டோபரில் அது போய், ஐ16 வரிசை வர இன்னும் ஓராண்டு பிடித்தது.

டாக்டருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. தலைப்பிலேயே 'ஹைப்பர்டென்சிவ் எமர்ஜென்சியா?' என்று கேட்டிருந்தேன். பதிலை வாயில் ஊட்டுவது விதிமீறல். அளவுகள், கிரியேட்டினின், டிரிப் தொடங்கிய நேரம் ஆகியவற்றை மட்டும் வைத்து, அர்ஜென்சி (உறுப்புப் பாதிப்பு இல்லாதது), எமர்ஜென்சி, வேறு ஏதேனும், தீர்மானிக்க இயலவில்லை என நான்கு கட்டங்களோடு மறுபடி அனுப்பினேன்.

நான்காம் நாள் ஒரே வரியில் பதில்: ஹைப்பர்டென்சிவ் எமர்ஜென்சி, அக்யூட் கிட்னி இஞ்சுரியுடன் (திடீர் சிறுநீரகப் பாதிப்பு). ஐ16.1 திரும்பி வந்தது, துணைக்கு அந்தச் சிறுநீரகப் பாதிப்புக்கான என்17.9.

ஐ16 தனியாக நிற்காது. அடிப்படை ரத்த அழுத்த நோய்க்கும் கோடு வேண்டும். ஐ10 ஏற்கெனவே இருக்கிறதே என்று விடப்போனேன். பழைய நோய்ப் பட்டியலில் நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை என்று கண்ணில் பட்டது. இதற்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டென்று டாக்டர் எழுதவில்லை. தொடர்பில்லை என்று அவர் மறுக்காதவரை, உண்டென்றே கொள்ளச் சொல்கிறது வழிகாட்டி நெறி. எழுதாததை ஊகிக்காதே என்று நான்கு நாள் பாடம் நடத்திய அதே நெறிதான்! ஐ10ஐ அழித்து, ரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் சேர்ந்ததற்கான ஐ12.9, அந்த நோயின் மூன்றாம் நிலைக்கான என்18.30 இரண்டையும் ஏற்றி சார்ட்டை மூடினேன்.