இமேஜிங் சர்வரில் பிஎக்ஸ்இ பூட் நிற்பதும், டிஎன்எஸ் சிக்குவதும்

கணினி ஆய்வகங்களில் ஃபாக் மாதிரி லினக்ஸ் இமேஜிங் சர்வர் (பல கணினிகளுக்கு ஒரே வட்டு நகலை நெட்வொர்க் வழியாக ஏற்றும் சர்வர்) வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்பது, "பிஎக்ஸ்இ பூட் ஆகவில்லை, என்ன செய்ய?" என்றுதான். இதற்கு அப்படியே பதில் சொல்ல முடியாது. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிஎக்ஸ்இ மூலம், அதாவது வட்டுக்குப் பதில் நெட்வொர்க் வழியாக, பூட் ஆகும் ஒரு கணினி டிஎச்சிபியிடம் (ஐபி முகவரி வழங்கும் சேவை) மூன்று முறை போய் ஐபி கேட்கிறது. முதலில் கேட்பது நெட்வொர்க் கார்டின் ரோம் அல்லது யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த தொடக்க மென்பொருள்). அது டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) வழியாக ஐபிஎக்ஸ்இ (நெட்வொர்க் பூட் நிரல்) கோப்பை இறக்கியதும், ஐபிஎக்ஸ்இ தன் பங்குக்கு இரண்டாவது முறை கேட்கிறது. பிறகு எச்டிடிபி வழியாக லினக்ஸ் கெர்னல் வந்து ஏறியதும், அது மூன்றாவது முறை கேட்கிறது. மூன்றும் வேறு வேறு டிரைவர்கள், வேறு வேறு காத்திருப்பு நேரங்கள். "முதலில் ஐபி கிடைத்ததே, அப்புறம் ஏன் கிடைக்கவில்லை?" என்ற குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

திரையில் வரும் பிழை எண்ணைப் படிக்காமல் சர்வரில் கை வைக்காதீர்கள். பழைய பயாஸ் ரோம்களில் இ51 வந்தால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. இ53 என்றால் ஐபி வந்தது, பூட் கோப்பின் பெயர் வரவில்லை. இ32 என்றால் பெயரும் வந்தது, டிஎஃப்டிபி சர்வர் பதில் சொல்லவில்லை. யூஇஎஃப்ஐ கணினிகளில் எண்கள் மாறும்: இ16 என்றால் டிஎச்சிபி பதில் இல்லை, இ18 என்றால் சர்வர் பதில் சொல்லத் தாமதம், இ23 என்றால் டிஎஃப்டிபி சர்வரே பிழை அனுப்பியிருக்கிறது. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் கோப்பின் பெயரில் எழுத்துப் பிழை. லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறு வேறு என்பதை விண்டோஸ் டிஎச்சிபி சர்வரில் தட்டச்சு செய்பவர்கள் மறந்துவிடுவார்கள்.

அடுத்தது, நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடிக்கும் டிசிபிடம்ப் கருவியைச் சர்வரில் ஓட்டுவது. யூடிபி போர்ட் 67, 68, 69, 4011 நான்கையும் பிடித்து ஒரு கோப்பில் சேமித்து, வயர்ஷார்க்கில் திறந்து பாருங்கள். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: ஸ்விட்ச் இருக்கும் நெட்வொர்க்கில் எல்லாருக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகளும், சர்வருக்கே வரும் பாக்கெட்டுகளும் மட்டுமே உங்கள் சர்வருக்குத் தெரியும். வேறொரு டிஎச்சிபி சர்வர் நேரடியாகக் கணினிக்கு அனுப்பும் பதில் தெரியாமலே போகலாம். சந்தேகம் இருந்தால் ஸ்விட்சில் போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் பாக்கெட்டுகளை இன்னொன்றுக்கு நகலெடுப்பது) போட்டுப் பிடியுங்கள்.

பிடித்ததில் முதலில் பார்க்க வேண்டியது, டிஎச்சிபி பாக்கெட்டில் வரும் ஆப்ஷன் 93 என்ற புலம். கணினி தன் கட்டமைப்பை இதில்தான் சொல்கிறது. 0 என்றால் பயாஸ். 7 அல்லது 9 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. பயாஸ் கணினிக்கு அண்டிஒன்லி.கேபிஎக்ஸ்இ, யூஇஎஃப்ஐக்கு ஐபிஎக்ஸ்இ.இஎஃப்ஐ அல்லது எஸ்என்பிஒன்லி.இஎஃப்ஐ போக வேண்டும். பூட் கோப்பைச் சொல்லும் ஆப்ஷன் 67இல் பயாஸ் கோப்பின் பெயரை மட்டும் நிலையாக எழுதி வைத்தால், பழைய கணினிகள் பூட் ஆகும், புதியவை கோப்பை இறக்கிவிட்டுச் சத்தமில்லாமல் பூட் மெனுவுக்குத் திரும்பும். கோப்பு சரியாக இருந்தும் யூஇஎஃப்ஐ மறுத்தால் செக்யூர் பூட் இயங்குகிறதா என்று பாருங்கள். கையொப்பம் இல்லாத ஐபிஎக்ஸ்இ கோப்பை அது ஏற்காது.

அடுத்து, டிஎச்சிபி பதிலில் இருக்கும் அடுத்த சர்வர் முகவரி, அதாவது பூட் கோப்பை எந்தச் சர்வரிடம் கேட்க வேண்டும் என்பது. சின்ன அலுவலகங்களில் இணைய இணைப்போடு வந்த ரவுட்டர்தான் டிஎச்சிபி. அவற்றில் சில, அந்த முகவரிக்கான ஆப்ஷன் 66 எழுத இடமே தருவதில்லை. தந்தாலும், பாக்கெட்டின் தலைப்பில் உள்ள அடுத்த சர்வர் புலத்தில் தன் சொந்த முகவரியையே போட்டு அனுப்பும். கணினி அந்த ரவுட்டரிடம் போய் டிஎஃப்டிபி கேட்கும், ரவுட்டர் பேசாது, திரையில் இ32 வரும். சர்வரில் எவ்வளவு தேடினாலும் கோளாறு கிடைக்காது. ஏனென்றால் கோரிக்கையே சர்வருக்கு வரவில்லை.

இந்த மாதிரி ரவுட்டர் இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இமேஜிங் சர்வரிலேயே டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய சர்வர் நிரலை ப்ராக்ஸி டிஎச்சிபியாக ஓட்டுங்கள். ஐபி கொடுப்பது ரவுட்டரின் வேலையாகவே இருக்கும். பூட் தகவலை மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் கொடுக்கும். பதிப்பு 2.76 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு முந்தையவை யூஇஎஃப்ஐ கணினிகளைச் சரியாகக் கையாளாது. டிஎச்சிபி ரேஞ்ச் வரியில் நெட்வொர்க் முகவரியை எழுதி, காற்புள்ளி போட்டு, ப்ராக்ஸி என்று முடிக்க வேண்டும். ஃபயர்வாலில் யூடிபி 67, 69, 4011 திறந்திருக்க வேண்டும். கணினிகள் வேறு விலானில் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதி) இருந்தால், அந்த விலானின் கோரிக்கைகளை வெளியே கடத்தும் டிஎச்சிபி ரிலே பட்டியலில் உண்மையான டிஎச்சிபி சர்வரோடு இந்த இமேஜிங் சர்வரின் முகவரியையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிராட்காஸ்ட் இங்கே வந்து சேராது.

டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) சிக்கல் பெரும்பாலும் பிறப்பது இந்த இடத்தில்தான். பூட்டைச் சரிசெய்யப் போய்ப் பெயர்த் தேடலை உடைத்துக்கொள்வது இப்படி நடக்கிறது. டிஎன்எஸ்மாஸ்க் வெறும் டிஎச்சிபி அல்ல, அது டிஎன்எஸ் சர்வரும்கூட. எதுவும் சொல்லாவிட்டால் போர்ட் 53ஐப் பிடிக்கப் பார்க்கும். உபுண்டுவில் பெயர்த் தேடலைக் கவனிக்கும் சிஸ்டம்டி ரிசால்வ்டு ஏற்கெனவே 127.0.0.53 முகவரியில் அந்த போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்ற பொருளில் ஒரு பிழை காட்டி டிஎன்எஸ்மாஸ்க் நின்றுவிடும். உடனே தேடிப் பார்த்து ரிசால்வ்டை நிறுத்தி முடக்குகிறார்கள். டிஎன்எஸ்மாஸ்க் ஓடும், பூட் ஆகும், எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் எந்த டிஎன்எஸ்ஸிடம் கேட்பது என்று சொல்லும், இடிசி கோப்புறையில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் வெறும் ஒரு குறியிணைப்பு. அது சுட்டும் கோப்பு அப்போதும் 127.0.0.53ஐத்தான் சொல்கிறது, அங்கே கேட்க ஆளில்லை. சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டால் அந்தக் கோப்பே இருக்காது. அடுத்த தடவை ஃபாக் நிறுவியை ஓட்டும்போது கிட்ஹப்பிலிருந்து கெர்னல் இறங்காது, மென்பொருள் நிறுவும் ஆப்ட் எதையும் புதுப்பிக்காது.

ரிசால்வ்டைத் தொடவே தேவையில்லை. டிஎன்எஸ்மாஸ்க் அமைப்புக் கோப்பில் போர்ட் மதிப்பை 0 என்று ஒரே வரி எழுதினால் போதும். டிஎன்எஸ் வேலை அணைந்துவிடும், டிஎச்சிபி ப்ராக்ஸி வேலை தொடரும். இமேஜிங் சர்வர் மற்றவர்களுக்கு டிஎன்எஸ் கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

டிஎஃப்டிபியைச் சோதிக்க, இமேஜ் இறங்க வேண்டிய அதே விலானில் இன்னொரு லினக்ஸ் மடிக்கணினியை மாட்டி, அண்டிஒன்லி கோப்பைக் கையால் இறக்கிப் பாருங்கள். 0 பைட்டில் நின்றால் ஃபயர்வாலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிஎஃப்டிபி கோரிக்கை போர்ட் 69க்குப் போனாலும், பதில் சர்வரின் வேறொரு போர்ட்டிலிருந்து வரும். நடுவில் உள்ள ஃபயர்வால் அதைத் தொடர்பில்லாத பாக்கெட் என்று நினைத்து வீசிவிடும். சோதிக்கும் மடிக்கணினியின் ஃபயர்வாலும் இதையே செய்யும் என்பதால், அதை அணைத்துவிட்டுச் சோதிக்கவும்.

ஐபிஎக்ஸ்இ ஏறிவிட்டது, ஆனால் இரண்டாவது டிஎச்சிபியில் புள்ளி புள்ளியாக ஓடி நிற்கிறது என்றால் ஸ்விட்சைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்இ தன் டிரைவரை ஏற்றும்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து மீண்டும் வரும். இணைப்புச் சுழல்களைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ பழைய முறையில் இயங்கும் ஸ்விட்ச், ஒவ்வொரு முறை இணைப்பு வரும்போதும் கேட்க 15 வினாடி, கற்க 15 வினாடி என்று போர்ட்டை மூடியே வைக்கும். அந்த 30 வினாடிக்குள் ஐபிஎக்ஸ்இ பொறுமை இழந்துவிடும். கணினிக்கும் சுவர் போர்ட்டுக்கும் நடுவே ஒரு சாதாரண 5 போர்ட் ஸ்விட்சை மாட்டிப் பாருங்கள். அதில் பூட் ஆனால் காரணம் உறுதி. அந்த போர்ட்டுகளில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டுவிட வேண்டியதுதான். அதிலும் நின்றால் டிரைவர் பக்கம் திரும்புங்கள். ஐபிஎக்ஸ்இ.இஎஃப்ஐக்குப் பதில் எஸ்என்பிஒன்லியை மாற்றிப் பாருங்கள். இது கார்டின் சொந்த யூஇஎஃப்ஐ டிரைவரையே பயன்படுத்தும் என்பதால் பல ரியல்டெக் கார்டுகளில் வேலை செய்துவிடும்.

டிஎச்சிபி தாண்டி, எச்டிடிபி இணைப்பில் நேரம் முடிந்தது என்று வந்தால், சமீபத்தில் சர்வரின் ஐபி மாறியதா என்று கேளுங்கள். ஃபாக்கில் அந்த முகவரி ஒரே இடத்தில் இல்லை. டிஎஃப்டிபி கோப்புறையில் உள்ள டீஃபால்ட்.ஐபிஎக்ஸ்இ, ஃபாக் நிறுவல் அமைப்புக் கோப்பு, இணைய இடைமுகத்தில் வெப் ஹோஸ்ட், டிஎஃப்டிபி ஹோஸ்ட், ஸ்டோரேஜ் நோட் என்று சிதறிக் கிடக்கும். ஒன்றை விட்டாலும் வேறு வேறு கட்டத்தில் நிற்கும்: டீஃபால்ட் கோப்பில் பழைய முகவரி இருந்தால் மெனுவே வராது, ஸ்டோரேஜ் நோட்டில் இருந்தால் மெனு வரும், கெர்னல் ஏறும், இமேஜ் கோப்புறையை நெட்வொர்க் வழியாக இணைக்கும் என்எஃப்எஸ் மவுன்ட்டில் நிற்கும்.

இந்த இடங்களில் எல்லாம் ஐபி எண்ணையே எழுதுங்கள். அழகுக்காகப் பெயர் எழுதினால், ஐபிஎக்ஸ்இ அந்தப் பெயரை டிஎச்சிபி ஆப்ஷன் 6இல் வந்த டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். ஆய்வக விலானுக்கு ரவுட்டர் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 கொடுத்திருந்தால் உள் பெயர் அங்கே எப்படித் தெரியும்? சந்தேகம் வந்தால் ஐபிஎக்ஸ்இ ஏறும்போது கண்ட்ரோல் பி அழுத்திக் கட்டளை வரிக்குப் போய், ஷோ கட்டளையால் டிஎன்எஸ் மதிப்பைப் பாருங்கள்.

சர்வர் தன் பக்கம் பெயர் தேடுவதில் சிக்கல் என்றால், டிக் கட்டளையை மட்டும் நம்பாதீர்கள். டிக் நேராக டிஎன்எஸ்ஸிடம் பேசும். அப்பாச்சியோ ஆப்ட்டோ என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் சொல்லும் வரிசையில் போகும். கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கட்டளையால் அதே பெயரைக் கேளுங்கள். டிக்கில் வந்து கெட்என்ட்டில் வராவிட்டால் கோளாறு இந்தச் சர்வருக்குள்ளேயே இருக்கிறது. நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் .லோக்கல் என்று முடிந்தால் இது அதிகம் நடக்கும். அந்த வால் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃபின் ஹோஸ்ட்ஸ் வரியில் எம்டிஎன்எஸ்4 மினிமல், டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் நின்று, கிடைக்காவிட்டால் அத்தோடு திரும்பு என்றும் எழுதியிருந்தால், கேள்வி உங்கள் டொமைன் கன்ட்ரோலருக்குப் போகாமலே நின்றுவிடலாம். சர்வரில் மல்டிகாஸ்ட் பெயர்கள் தேவையில்லை. அந்தத் துண்டை வரியிலிருந்து நீக்கிவிடலாம்.

ஒவ்வொரு பெயருக்கும் சரியாக 5 வினாடி தாமதித்துப் பிறகு பதில் வருகிறதா? ரிசால்வ்.கான்ஃபில் முதல் டிஎன்எஸ் செத்திருக்கிறது. இயல்பான காத்திருப்பு நேரம் அதுதான்.

உள் டிஎன்எஸ்ஸையும் 8.8.8.8ஐயும் ஒன்றாக எழுதி "அது போனால் இது" என்று நினைப்பதும் தவறு. ரிசால்வ்டு ஒருமுறை இரண்டாவதுக்குத் தாவினால், அது பதில் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அங்கேயே இருக்கும். முதலாவது உயிர் பெற்றாலும் திரும்பாது. இணையம் வேலை செய்யும், உள் பெயர்கள் மட்டும் தெரியாது. ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளையில் இப்போது எந்த டிஎன்எஸ் என்று தெரியும். பட்டியலில் உள் டிஎன்எஸ்களை மட்டும் வையுங்கள். வெளியே கேட்பதை அவை பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஹோஸ்ட்ஸ் கோப்பு. டெபியன், உபுண்டு நிறுவும்போது சர்வரின் பெயருக்கு 127.0.1.1 என்று ஒரு வரி போட்டுவிடும். சர்வர் தன் பெயரைத் தானே தேடி, வந்த முகவரியைக் கணினிகளுக்கு அனுப்பும் எந்தச் சேவையும் இதில் மாட்டும். கணினி தன்னிடமே இணைக்கப் பார்த்துத் தோற்கும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் நிலையான ஐபி போட்டதும், அந்த வரியில் 127.0.1.1ஐ எடுத்துவிட்டு அதே ஐபியை எழுதுங்கள். நெட்பிளானில் நேம்சர்வர் பகுதியையும் கையோடு நிரப்பிவிடுங்கள். டிஎச்சிபியிலிருந்து நிலையான ஐபிக்கு மாறும்போது டிஎன்எஸ் முகவரிகளும் சேர்ந்து போய்விடும்.